டிரஸ்ட், உயில், வாரிசு: நீங்கள் கேட்டதும் என் பதிலும்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் உயில், சொத்துப் பிரிப்பு வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். டிரஸ்ட் என்றதும் பலர் கோயில் அறக்கட்டளை என்று நினைக்கிறார்கள். இது வேறு. உங்கள் சொத்தை ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள், அவர்தான் டிரஸ்டி. நீங்கள் சொன்னவர்களுக்காக, நீங்கள் சொன்ன விதத்தில் அவர் அதை நடத்த வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா: மகனுக்கு 19 வயது. ஆட்டிசம், ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இருக்கிறது. எங்களுக்குப் பிறகு அவனுக்கு வேண்டுமே என்று வீட்டை அவன் பேருக்கே எழுதிவிடலாமா?

வேண்டாம் அக்கா. பேர் அவனுடையதாக இருந்தால் விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் அவன் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தின் பொருள் அவனுக்குப் புரியாது என்றால் விஷயம் கோர்ட்டுக்குப் போய் நிற்கும்.

உயிலுக்குள்ளேயே ஒரு டிரஸ்ட் எழுதலாம். ஆனால் அது உங்கள் காலத்துக்குப் பிறகுதான் உயிர்பெறும். கோர்ட் அனுமதி வரும்வரை உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. அந்த மாதங்களில் அவன் மருந்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? அதனால் ஒரு சிறு தொகையோடு டிரஸ்டை இப்போதே தொடங்குங்கள். வீடும் மற்றதும் உயில் வழியாக அதில் போய்ச் சேரட்டும்.

இன்சூரன்ஸையும் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர் தன் பாலிசியில் கணவன், மனைவி, பிள்ளையை நாமினியாகப் போட்டால், 2013 நிதிச் சேவைகள் சட்டப்படி அந்தப் பணமே ஒரு டிரஸ்ட் ஆகிவிடும். உங்கள் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. அங்கேயும் டிரஸ்டி யார் என்று எழுதி வையுங்கள்.

அப்புறம், தனியாக ஒரு கடிதம். அவன் எதைச் சாப்பிடுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், எந்த டாக்டரிடம் அழாமல் போவான் என்றெல்லாம் அதில் இருக்கட்டும். இதை எந்த வக்கீலாலும் எழுத முடியாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்கிறேன்: பத்திரத்தில் கையெழுத்து போட்டால் மட்டும் டிரஸ்ட் ஆகாது. பணம் உள்ளே போக வேண்டும், கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் மாற வேண்டும். இல்லையென்றால் அது காலிப் பெட்டி.

பிறை சகோதரி: கோயிலில் தாலி கட்டி 15 வருஷம் ஆகிறது. பதிவு செய்யவில்லை. அவர் பேரில் உள்ள வீடு எனக்கு வருமா?

அவர் உயில் எழுதாமல் போனால் வராது அம்மா. 1982 மார்ச் 1 முதல் பதிவு இல்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. இதை எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. முதலில் பதிவு, அதற்குப் பிறகு உயில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பொதுவாகத் திருமணம் பழைய உயிலை ரத்து செய்துவிடும்.

உயில் இல்லாவிட்டாலும் எல்லாம் மனைவிக்குத்தானே?

இல்லை. மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் இருந்தால் 120,000 வெள்ளியில் (ரிங்கிட்) மனைவிக்கு 30,000, அம்மாவுக்கு 30,000, பிள்ளைகளுக்கு 60,000. 1958 பங்கீட்டுச் சட்டம் அப்படித்தான் பிரிக்கிறது.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை உயிலில் பிரித்து எழுதலாமா?

முடியாது. நாமினி போடுங்கள்.

வாரிசு வரி எவ்வளவு?

மலேசியாவில் 1991இலேயே எடுத்துவிட்டார்கள்.

ஜார்ஜ்டவுன் பாய்: எங்களுக்கும் இதே சட்டமா?

இல்லை பாய். முஸ்லிம்களுக்கான ஃபராயிட் (வாரிசுப் பங்கீடு), ஹிபா (உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் அன்பளிப்பு) எல்லாம் ஷரியா வக்கீலின் துறை. அவரிடமே கேளுங்கள்.

தொழிலில் கடன் ஏறிவிட்டது. வீட்டை டிரஸ்டில் போட்டால் காப்பாற்றலாமா?

சொத்தைக் கொடுத்த இரண்டு வருஷத்துக்குள் திவால் ஆனால் அந்த ஏற்பாடு செல்லாது. ஐந்து வருஷத்துக்குள் என்றால், அந்தச் சொத்து இல்லாமலேயே கடன் முழுவதையும் அடைக்கும் நிலையில் அன்று நீங்கள் இருந்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். கடன்காரர் கதவைத் தட்டிய பிறகு டிரஸ்ட் தேடாதீர்கள். கடனைப் பேசித் தீர்க்க வழி பாருங்கள்.

ஜெலுத்தோங் ஐயா: டிரஸ்ட் கம்பெனிக்கு வருஷா வருஷம் கட்டணம் கொடுப்பதா? சொந்த அண்ணன் இருக்கும்போது அந்நியன் எதற்கு?

இந்தக் கேள்விக்குக் கீழே நேற்று இருபது பேர் பதில் போட்டுவிட்டார்கள். "ரத்த சொந்தத்தைச் சந்தேகப்படாதே" என்று பாதிப் பேர், "சொந்தம்தான் முதலில் ஏமாற்றும்" என்று மீதிப் பேர். இரண்டுமே எனக்குச் சம்மதம் இல்லை.

என் குடும்பத்திலேயே பார்த்தேன். மாமா இறந்தபின் பிள்ளைகள் பணத்தை ஓர் உறவினர் வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. கடைக்கு அவசரம் என்று கொஞ்சம் எடுத்தார், திருப்பி வைத்துவிடலாம் என்று நம்பினார். கடை மூடியது. தனிக் கணக்கு இல்லை, கேள்வி கேட்க இரண்டாவது ஆள் இல்லை. ஒரு நல்ல மனிதரை அந்த நிலையில் தனியாக விட்டது நாங்கள்தான்.

அண்ணனையே போடுங்கள் ஐயா, ஆனால் இரண்டு பேராகப் போடுங்கள். டிரஸ்ட் பணத்துக்குத் தனிக் கணக்கு, வருஷத்துக்கு ஒரு முறை எழுத்தில் கணக்கு. உங்கள் அண்ணனுக்கு 71, மகளுக்கு 9 என்கிறீர்கள். அவள் படித்து முடிக்கும்போது அண்ணனுக்கு எண்பது தாண்டிவிடும். அடுத்து யார் என்று பெயர் எழுதுங்கள். ஆளே இல்லை என்றால் அமானா ராயா (அரசின் டிரஸ்டி நிறுவனம்) மாதிரி ஒன்றைப் போடுங்கள். கட்டணத்தை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உயில் இருக்கிறது, டிரஸ்ட் எதற்கு?

நான்காவது முறையாக இந்தக் கேள்வி. பிள்ளை 18 வயதில் மொத்தப் பணத்தையும் கையில் வாங்கினால் உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் உயிலே போதும்.

டிரஸ்ட் பத்திரம் போன வருஷமே போட்டாச்சு அக்கா, வீட்டு லோன் மட்டும் இன்னும் ஓடுது.

அப்படியென்றால் வீடு இன்னும் டிரஸ்டுக்குள் போகவில்லை, தம்பி. பெயர் மாற்ற பேங்க் சம்மதம் வேண்டும், முத்திரைக் கட்டணமும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.