தினமும் பயன்படுத்தும் பொருட்களில், வடிவமைப்புக்காக நீங்கள் மிகவும் மதிக்கும் பொருள் எது? ஏன்?

மூன்று பின் பிளக்கில் மேலே தனியாக நிற்கும் பெரிய பின். எர்த் பின், அதாவது பொருளின் உலோக உடம்பை மண்ணோடு இணைக்கும் பின்.

வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்ஸின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் 6 ஆம்பியர் பிளக்கில் கீழே இருக்கும் இரண்டு பின்களும் சுமார் 5 மில்லிமீட்டர் பருமன், 15 மில்லிமீட்டர் நீளம். மேல் பின் 7 மில்லிமீட்டர் பருமன், நீளம் 20 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். பிளக்கை வடிவமைத்தவர்கள் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். நீளத்துக்கு ஒரு காரணம், பருமனுக்கு வேறொரு காரணம்.

பிளக்கைச் சொருகும்போது மேல் பின்தான் முதலில் தொடும், பிடுங்கும்போது அதுதான் கடைசியாக விடும். அதாவது கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் உள்ளே வருவதற்கு முன்பே எர்த் வந்து காத்திருக்கிறது, ஃபேஸ் போன பிறகுதான் எர்த் போகிறது. கரண்ட் இருந்து எர்த் இல்லாத நேரம் என்று ஒரு நொடிகூட வராது. நீளம் செய்யும் வேலை இது.

பருமனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவது, தடை குறையும் என்ற பதில். தடை குறையும்தான். ஆனால் 2 சென்டிமீட்டர் பித்தளையில் இருக்கும் தடை, அந்தப் பிளக்கோடு வரும் ஒன்றரை மீட்டர் ஒயரின் தடைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனக்குப் பெரிதாகப் படும் பலன் வேறு. பருமனான பின், அதே 6 ஆம்பியர் சாக்கெட்டின் ஃபேஸ் ஓட்டைக்குள் போகவே போகாது. பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவித் தடவிச் சொருகினாலும், இயந்திரத்தின் உடம்போடு இணைந்த பின் கரண்ட் இருக்கும் ஓட்டையில் நுழைய வழியில்லை. சொருகுகிறவருக்கு எர்த் என்றால் என்னவென்றே தெரிய வேண்டாம்.

இதே கவனத்தைப் பிளக்கின் உள்ளேயும் பார்க்கலாம். நல்ல எலக்ட்ரீஷியன் பிளக் மாட்டும்போது பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக, வளைத்து விட்டு முடுக்குவார். யாராவது ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் ஃபேஸும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலும் முதலில் கழன்று வரும். எர்த் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி மாட்டியிருக்கும் பிளக்கைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் மாட்டியவர் மேல் எனக்கு மரியாதை வரும்.

சரி, எர்த் அங்கே என்னதான் செய்கிறது? கிரைண்டருக்குள் ஒயரின் மேலுறை தேய்ந்து ஃபேஸ் வெளி உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் சரியாக இருந்தால் பெரிய கரண்ட் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும், அல்லது அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபி விழும். எர்த் இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. கிரைண்டர் வழக்கம்போல ஓடும், 230 வோல்ட்டோடு. ஈரக் கையோடு மாவு தள்ளப் போகிறவர்தான் அப்போது எர்த். மனித உடம்பின் தடை 1000 ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிர்காக்க வைக்கும் கசிவு சுவிட்சான ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படிதான் செய்யப்படுகிறது. அதைப் போல ஏழெட்டு மடங்கு இது.

இந்த உருண்டைப் பின் வடிவம் பிரிட்டனிலிருந்து வந்தது. 1934-இல் அங்கே தரநிலையாக வெளியானது. 1947-இல் அவர்கள் ஃபியூஸ் வைத்த சப்பைப் பின் பிளக்குக்கு மாறத் தொடங்கினார்கள். நாம் பழையதையே ஐஎஸ் 1293 என்ற நம்முடைய தரநிலையில் வைத்துக்கொண்டோம். எர்த் பின் நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சப்பைப் பிளக்கிலும் தொடர்கிறது. அங்கே அந்த நீளப் பின்தான் உள்ளே போய் மற்ற இரண்டு ஓட்டைகளை மூடியிருக்கும் ஷட்டரைத் திறந்துவிடும். நம் ஊர் சாக்கெட்டுகள் சிலவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. குழந்தை ஹேர்பின்னைக் கொண்டுபோய்க் குத்தினாலும் ஷட்டர் தடுத்துவிடும்.

இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை நாம் நடத்தும் விதம்தான் மனதை வருத்துகிறது. இரண்டு பின் பிளக் நுழையவில்லை என்று மேல் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ குத்தி ஷட்டரைத் திறக்கிறோம். மூன்று பின் பிளக்கில் மேல் பின்னை மட்டும் கழற்றி எறிகிறோம். இதையெல்லாம்விட மோசமானது, எர்த் ஒயர் வராத சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் லூப் போடுவது. டெஸ்ட் பண்ணினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் அந்த நிமிடமே பிரிட்ஜின் கதவு, வாஷிங் மெஷினின் உடம்பு எல்லாம் ஷாக் அடிக்கும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட இது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மூன்று பின் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போன் சார்ஜரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி ஒன்று இருக்கும். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்று அதற்குப் பொருள். லேப்டாப் சார்ஜர்களில் பல மூன்று பின்னோடு வரும். அதை இரண்டு பின் அடாப்டரில் மாட்டினால், லேப்டாப்பின் உலோக மூடியில் விரலை மெல்ல ஓட்டும்போது சுரசுரவென்று ஒரு அதிர்வு தெரியும். சார்ஜரில் இரைச்சலை வடிகட்ட வைத்த கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் சிறு கரண்ட் அது. சார்ஜர் நன்றாக இருக்கும்வரை ஆளைக் கொல்லாது. ஆனால் மூன்று பின்னையும் ஒழுங்காக மாட்டினால் அந்த அதிர்வும் பெரும்பாலும் நின்றுவிடும்.

வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் பால் காய்ச்சும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் பிடித்தால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எரிவதுபோலவே பளிச்சென்று எரிய வேண்டும். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் பல்பு எரியாமல் அதுவே விழும், அதுவும் நல்ல அறிகுறிதான். மங்கலாக எரிந்தால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. நியூட்ரல் லூப் இருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியும் என்பதால், சாக்கெட்டில் ஒன்றிரண்டையாவது திறந்து பச்சை ஒயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் குடிபோன ஒரு வீட்டில் சமையலறை சாக்கெட்டுகள் எதிலும் அந்த ஒயரே இல்லை. வீட்டுக்காரரிடம் பேசிப் பேசி, மோட்டார் பக்கத்தில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, மெயின் போர்டிலிருந்து சமையலறை வரை புது ஒயர் இழுத்தோம். அது முடிந்த பிறகுதான் கிரைண்டரை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தோம்.