மண்டையோட்டில் ஒரு பெயர்

கேள்வி: செக் நாட்டில் படிக்கும் என் மகன், குட்னா ஹோரா என்ற ஊரில் இருக்கும் சர்ச்சின் படத்தை அனுப்பினான். மனித எலும்பிலேயே சரவிளக்கு செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக மனசே சரியில்லை. அடக்கம் செய்தவர்களைத் தோண்டி எடுத்து இப்படி அலங்காரம் பண்ணலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்த விளக்கின் கீழே நானும் நின்றிருக்கிறேன் அம்மா. எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் தோண்டியது அலங்காரத்துக்காக அல்ல. 1278இல் அங்கிருந்த மடத்தின் தலைவர் எருசலேமுக்குப் போய்வந்தபோது இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரியிலிருந்து மண் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் தூவினார் என்பார்கள். அதன் பிறகு அங்கே அடக்கமாக வேண்டும் என்று பலரும் ஆசைப்பட்டார்கள். 1348 கொள்ளைநோய், அடுத்த நூற்றாண்டில் ஹுஸைட் போர்கள் என்னும் மதப்போர்கள் என்று பிணங்கள் வந்துகொண்டே இருந்தன. இடம் போதவில்லை. பழைய எலும்புகளை எடுத்துக் கோயிலின் கீழறையில் சேர்த்தார்கள். மண்ணோடு மண்ணாக எறியாமல் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்களே, அது மரியாதைதான். கடைசி நாளில் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

என் வருத்தம் அதற்குப் பின்னால் நடந்ததில். 1870இல் ஷ்வார்ட்சன்பர்க் பிரபு குடும்பம் பிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பியை அமர்த்தியது. சரவிளக்கு அவர் வேலை. பிரபு குடும்பத்தின் சின்னத்தையும் எலும்பிலேயே செய்தார். துருக்கியன் தலையில் கண்ணைக் கொத்தும் காக்கைகூட அதில் உண்டு. போதாததற்குச் சுவரில் தன் பெயரையும் எலும்பால் எழுதிவைத்தார். 40,000 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்பு இருக்கும் இடத்தில் நாம் வாசிக்க முடிகிற பெயர், அடுக்கியவருடையது. இது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மகனுக்கு விடுமுறை கிடைத்தால் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்குப் போகச் சொல்லுங்கள். மலைக்கும் ஏரிக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற ஊர். கல்லறைத் தோட்டம் உள்ளங்கை அகலம்தான். முன்பெல்லாம் பத்துப் பதினைந்து வருடத்தில் குழியைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. எடுத்த மண்டையோட்டைக் கழுவி, வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பெயரும் இறந்த வருடமும் எழுதினார்கள். சுற்றிலும் இலைக்கொடி, ரோஜாப்பூ. அவற்றை வைத்திருக்கும் சின்ன அறையில் சுமார் 1,200 மண்டையோடுகள். 600க்கு மேல் வண்ணம் தீட்டியவை. குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். 1983இல் இறந்த ஒரு பெண், தன் தலையும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். 1995இல் கொண்டுவந்து வைத்தார்கள். சிலுவையின் அருகே இருக்கிறது. ஒரு தங்கப்பல் மின்னுகிறது. அங்கே எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. யார் வீட்டுக்கோ போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நம் பக்கமும் இது புதிதல்ல. பாட்டியை அடக்கம் செய்யக் குடும்பக் கல்லறையைத் திறந்தபோது உள்ளே தாத்தாவின் எலும்புகள் இருந்தன. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, புது வேட்டியில் கட்டி, பாட்டியின் கால்மாட்டில் வைத்தார். குழிக்காரர் அவசரப்படுத்தவே இல்லை.

குட்னா ஹோராவில் 2020 முதல் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. மண்டையோடுகளோடு செல்பி எடுக்கிறவர்களைப் பார்த்துப் அந்தப் பங்குக் கோயிலார் மனம் நொந்துதான் அப்படிச் செய்தார்கள். உங்கள் மகன் அனுப்பியது எப்போது எடுத்த படம் என்று கேளுங்கள். அடுத்த தடவை போனால் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் கோவாவில் சவேரியார் உடலைக் காட்டுவதும் இதே வகைதானா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்லை. அது புனிதரின் திருப்பண்டம், வணக்கத்துக்காகவே காப்பது. 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தவரை மலாக்கா வழியாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் பேழையைக் கீழே இறக்குவார்கள். கடைசியாக 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை. ஆனால் 1614இல் அவர் வலக்கையின் ஒரு பகுதியை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது. உங்கள் கடற்கரையில் எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது.