குறைந்த செலவில் கியோட்டோவைச் சுற்றிப் பார்க்க முடியுமா? சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சரிப்படுமா?

தாராளமாக முடியும். நுழைவுச்சீட்டுகளை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் கியோட்டோவில் காசைக் கரைப்பது அவை இல்லை. எந்த மாதம் போகிறீர்கள், எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான். சகுரா என்னும் செர்ரி மரங்கள் பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், இலை சிவக்கும் நவம்பர் பின்பாதி ஆகிய சமயங்களில் ஹாஸ்டல் கட்டிலுக்கே வாடகை எகிறிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் குளிர் எலும்பைத் தொடும், ஆனால் அதே கட்டில் 3,000 யென் சுமாருக்குக் கிடைக்கும். 100 யென்னை 55-60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் வரி தனி. மலிவான அறைக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென்.

ஒசாகாவில் தங்கினால் இன்னும் மலிவு, கியோட்டோவுக்கு வேக ரயிலில் அரை மணி நேரம்தான் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கியோட்டோவின் அழகே காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். அதற்காகவே நான் கியோட்டோவிலேயே படுப்பேன்.

இணையத்தில் கிடக்கும் பழைய யோசனைகளை நம்ப வேண்டாம். நாள் முழுக்கப் பேருந்தில் சுற்றும் அந்த மலிவு பாஸ் இப்போது கிடையாது. பேருந்து, சுரங்க ரயில் இரண்டுக்கும் சேர்த்து 1,100 யென் பாஸ்தான் இருக்கிறது. நகரப் பேருந்தில் ஒரு முறைக்கு 230 யென் என்பதால், ஐந்து முறையாவது ஏறினால்தான் பாஸ் கட்டுப்படியாகும். பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்கதவில் காசு போட வேண்டும். டோக்கியோவிலிருந்து வருபவர்கள், நாடு முழுக்க ஜப்பான் ரயில்வேயில் சுற்ற உதவும் ஜேஆர் பாஸ் எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். 7 நாள் பாஸை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் போய்வர 28,000 சொச்சம்தான் ஆகும்.

இனி பார்க்க வேண்டியவை. ஃபுஷிமி இனாரி மலைக்கோயிலுக்குக் கட்டணமே இல்லை, கதவும் இல்லை, நள்ளிரவிலும் போகலாம். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நாரா பக்கம் போகும் ஜேஆர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். வேக ரயில் அங்கே நிற்காது, சாதா ரயிலில் ஏறுங்கள். மலையேறும்போது செந்நிறத் தோரணத் தூண்கள் வெறுமையாகத்தான் தெரியும். திரும்பிப் பார்த்தால்தான் கறுப்பு எழுத்தில் பெயரும் தேதியும் இருக்கும். எல்லாம் கம்பெனிகளும் வியாபாரிகளும் காணிக்கையாக நிறுத்தியவை. நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' இருக்குமே, அதேதான். பாதி மலைக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும்.

பழைய அரண்மனை, ஹிகாஷி ஹோங்கான்ஜி கோயில், நான்சென்ஜி கோயில் வளாகத்தில் இருக்கும் செங்கல் நீர்ப்பாலம், கால்வாயோரம் நடக்கும் தத்துவப் பாதை, காமோ ஆற்றங்கரை எல்லாமே இலவசம். அராஷியாமா மூங்கில் காடும் இலவசம்தான். ஆனால் காலை ஒன்பதுக்கு மேல் மூங்கிலைவிட செல்ஃபி குச்சிகள்தான் அதிகம் தெரியும்.

காசு கொடுத்து ஒரே ஓர் இடம்தான் என்றால் நான் கின்ககுஜியைச் சொல்ல மாட்டேன். அந்தத் தங்க மண்டபம் 1950இல் தீவைப்பில் எரிந்து 1955இல் மறுபடி கட்டியது, பார்ப்பதும் குளத்துக்கு இக்கரையிலிருந்துதான். அந்தக் காசைச் சன்ஜூசங்கென்தோ என்ற புத்தக் கோயிலில் கொடுங்கள். 120 மீட்டர் நீள மண்டபத்தில் கருணையின் வடிவான போதிசத்துவர் கன்னோனின் 1,001 சிலைகள் வரிசை கட்டி நிற்கும், அவற்றைக் காக்க 28 தெய்வங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் இந்திரன், பிரம்மா என்று தெரிந்த ஆட்களாக வருவார்கள். கருடன் பறவை மூக்கோடும் இறக்கையோடும் நின்று புல்லாங்குழல் வாசிக்கிறார்! எலும்பும் தோலுமாகக் கைத்தடி ஊன்றிய ஒரு கிழ முனிவரும் உண்டு. அவர் முகத்தை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. படம் எடுக்க அனுமதி இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

சாப்பாடுதான் சைவர்களுக்குச் சோதனை. தெளிவான சூப்பில்கூடக் காய்ந்த மீன் சீவலின் சாறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புத்த மடாலயச் சைவ விருந்து அருமையானதுதான், விலையும் அப்படியே. சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பிடித்து, பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வெந்த சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், டோஃபு 100 யென் பக்கம்தான். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ராத்திரி எட்டு மணி வாக்கில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள். ஊழியர் ஸ்டிக்கர் சுருளோடு வந்து சாப்பாட்டுப் பெட்டிகளில் பாதி விலை என்று ஒட்டிக்கொண்டே போவார், பக்கத்தில் எதையோ தேடுகிற பாவனையில் நாலு பேர் காத்திருப்பார்கள்.

கெய்ஷா கலைஞர்கள் இருக்கும் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் படம் எடுக்க நுழையாதீர்கள், அபராதம் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தேதிகளில் 21 வந்தால் அன்று தோஜி கோயிலுக்குப் போய்விடுங்கள். மாதாமாதம் அந்தத் தேதியில் வளாகம் முழுக்கச் சந்தை, உள்ளே போகக் காசு கிடையாது. பழைய கிமோனோக்கள், பீங்கான் கிண்ணங்கள் எல்லாம் சில நூறு யென்னிலிருந்தே கிடைக்கும். காலையிலேயே போங்கள், மாலை நாலு மணிக்கெல்லாம் கடைகளைச் சுருட்டிவிடுவார்கள்.