பிரான்ஸில் மேற்படிப்பு: வீட்டை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: மகள் ஈரோட்டில் பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிரான்ஸில் விமானப் பொறியியல் மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். "அமெரிக்காவுக்கு ஆகிறதில் பாதிகூட ஆகாதுப்பா" என்கிறாள். டெபாசிட்டில் 12 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா? எங்கள் வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது.

பதில்: மகள் சொல்வது சரிதான், ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் மட்டும். அங்கே நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு முதுநிலைப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 3,900 யூரோ. தனியார் கல்லூரியானால் 15,000 யூரோவைக்கூடத் தாண்டும். ஏஜென்ட் எந்தப் பெயரைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, "இது அரசுக் கல்லூரியா, இந்தப் பட்டத்தை பிரெஞ்சு அரசு அங்கீகரிக்கிறதா?" என்பதைத்தான். 'பொறியாளர்' பட்டம் என்றால், 1934 முதல் இருந்துவரும் சி.டி.ஐ. என்ற ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக் கட்டணம் 8 லட்சம். விசாவுக்கு மாதம் 615 யூரோ கையிருப்பு காட்டினால் போதும். ஆனால் விமானத் தொழில் நகரமான துலூஸ் மாதிரி ஊரில் 800 யூரோ இல்லாமல் மாதம் ஓடாது; இரண்டு ஆண்டுக்கு அது 19 லட்சம். விமானம், விசா எல்லாம் சேர்த்து 29 லட்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு அரசு உதவி கிடைக்கும் என்பார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கிடைத்தால் லாபம்.

வரவையும் பார்ப்போம். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். இரண்டு மாதத்தைத் தாண்டும் இன்டர்ன்ஷிப்புக்கு ஊக்கத்தொகை தருவது அங்கே சட்டப்படி கட்டாயம். மாதம் 600 யூரோ அளவு வரும். கடைசி ஆறு மாதம் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்தான். ஆக, 29 லட்சத்தில் உங்கள் டெபாசிட்டையும் இந்த வரவையும் கழித்தால், கடன் 15 லட்சத்துக்குள் நின்றுவிடும். 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் தவணை மாதம் 20,000 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவாருங்கள், விட்டால் அது அசலோடு சேர்ந்துவிடும். பழைய வரிமுறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டு வரை வரிக்கழிவு உண்டு. அதனால் வீட்டின் பேரில் சாதாரணக் கடன் வாங்காமல், கல்விக் கடனாகவே கேளுங்கள். வங்கி பிணை கேட்டால் அப்போது வீட்டைக் காட்டலாம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: பிரெஞ்சு. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் அங்கே நிறைய உண்டு, அதைச் சொல்லியே சேர்க்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துப் பையன் அப்படித்தான் போனான். மதிப்பெண்ணில் குறையில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு ஐந்தாறு இடத்தில் நேர்முகம் போனான். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு பத்தாவது நிமிடம் பிரெஞ்சுக்குத் தாவும், அத்தோடு முடிந்துவிடும். துலூஸில் விமானம் செய்யும் ஏர்பஸ் நிறுவனத்துக்குள் ஆங்கிலம் ஓடும். அதற்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்களில் பட்டறைப் பேச்சு பிரெஞ்சுதான். மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு வேலை அதிகம் கிடைக்கக்கூடிய இடமும் அதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. விமானத் தொழில் செழித்த, கனடாவின் மான்ட்ரியால் நகரிலும் அதே மொழிதான். ஒரு மொழிக்குச் செலவழித்தால் இரண்டு நாட்டு வேலைச் சந்தை திறக்கும்.

மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குச் சுமார் 600 மணி நேரப் படிப்பு வேண்டும். தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் எட்டிவிடலாம். பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிறது. டெபாசிட்டிலிருந்து முதலில் எடுக்கும் பணம் இந்த வகுப்புக்குப் போகட்டும். ஆறு மாதம் கழித்தும் அவள் விடாமல் படித்துக்கொண்டிருந்தால் வங்கிக்குப் போங்கள். அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.