மண்ணில் போடும் குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள்

வீட்டுக்கு ஜியோதெர்மல் ஹீட் பம்ப் (மண்ணில் துளையிட்டோ பள்ளம் தோண்டியோ போட்ட குழாயில் திரவத்தை ஓடவிட்டு, மண்ணின் சூட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் இயந்திரம்) போடுவது பற்றிச் சென்ற இரண்டு இதழ்களாகக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் எந்தப் பெட்டியை வாங்கலாம் என்றுதான் கேட்கிறீர்கள். முப்பது வருடமாகக் குளிர்சாதன வேலை பார்ப்பவன் நான். பெட்டி கெட்டால் மாற்றிவிடலாம். மண்ணுக்குள் இறக்கியதை மாற்றுவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. அதனால் பதில்கள் மண் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் மண்ணும் சில்லென்றுதானே இருக்கிறது? அதிலிருந்து வீட்டுக்கு எப்படிச் சூடு வரும்? பூமியின் நடுவில் இருக்கும் நெருப்பா?

பதில்: இல்லை அம்மா. ஆழம் போகப் போகச் சூடு ஏறுவது உண்மைதான், ஆனால் அது கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி என்ற கணக்கு. 100 மீட்டர் துளையில் அதனால் கிடைப்பது மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு உதவுவது பெரும்பாலும் வெயிலும் மழையும் மண்ணில் சேர்த்துவைத்த சூடு. பத்து மீட்டருக்குக் கீழே மாசியிலும் ஆடியிலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே வைத்த பாத்திரத்திலிருந்து உறிஞ்சிய சூடும் அதில் சேர்ந்திருக்கிறது. ஹீட் பம்பில் மண்தான் ஃப்ரிட்ஜின் உள்பக்கம், உங்கள் கூடம் அதன் முதுகு. 10 டிகிரி மண்ணிலிருந்து எடுத்த சூட்டைக் கம்ப்ரசர் அழுத்தி 35 டிகிரித் தண்ணீராக வீட்டுக்குள் அனுப்புகிறது. சரியாகப் போட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். இது புது யோசனையும் இல்லை. மண்ணிலிருந்து சூடு எடுக்கும் முறைக்கு 1912இலேயே சுவிட்சர்லாந்தில் ஹைன்ரிஷ் ஸோலி காப்புரிமை வாங்கிவிட்டார்.

கேள்வி: ஒருவர் 10 கிலோவாட் போதும் என்கிறார், இன்னொருவர் 16 வேண்டும் என்கிறார். பெரியதாகவே போட்டுவிட்டால் கவலை இல்லையே சார்?

பதில்: வேண்டாம் தம்பி. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரசரின் ஆயுளை அந்த ஓட்டமும் நிறுத்தமும்தான் தின்றுவிடும். இருவரிடமும் அறை அறையாகப் போட்ட வெப்ப இழப்புக் கணக்கைக் கேளுங்கள். சதுர அடியை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. நல்ல குளிர் நாளில், இப்போதுள்ள பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்கு (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) போகும் தண்ணீரை 45 டிகிரிக்கு இறக்கி வையுங்கள். குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின் அளவில் கை வைக்க வேண்டாம். அறைகள் அப்போதும் கதகதப்பாக இருந்தால் உங்கள் வீடு தயார். நடுங்கினால் முதலில் கூரையையும் ஜன்னல் இடுக்குகளையும் கவனியுங்கள். அறைகளின் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டுக்கு 35 டிகிரி போதும், பழைய சின்ன ரேடியேட்டர்கள் 55 கேட்கும். அந்த 20 டிகிரி ஏற்றத்துக்குக் கம்ப்ரசர் படும் பாடு முழுவதும் உங்கள் பில்லில் தெரியும்.

கேள்வி: போட்டு நான்காவது குளிர்காலம் இது. முதல் இரண்டு வருடம் அருமையாக ஓடியது. இப்போது கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது. மெக்கானிக் வந்து பார்த்து, இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்கிறார். என்னதான் ஆகியிருக்கும்?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாகத்தான் இருக்கும் ஐயா. எனக்கு மண் மேல்தான் சந்தேகம்.

இதே புகாருக்காக ஒரு வீட்டுக்குப் போனேன். இயந்திர அறைச் சுவரில் வீட்டுக்காரர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: ஒவ்வொரு வருடமும் குளிர்காலக் கடைசியில் மண்ணிலிருந்து வரும் திரவத்தின் வெப்பநிலை. 5. அதன் கீழே 3. பிறகு 1. கடைசியாக, கொஞ்சம் அழுத்தி எழுதிய மைனஸ் 2. அந்த நாலு எண்ணைப் பார்த்ததும் கருவிப் பையைத் திறக்கவே இல்லை நான். தோட்டத்துக்குப் போய் நாடாவால் அளந்தேன். இரண்டு துளைகளுக்கும் நடுவே மூன்றே மீட்டர். துளை போடும் வண்டி உள்ளே திரும்ப இடமில்லை என்று வாசலை ஒட்டியே இரண்டையும் போட்டிருக்கிறார்கள். ஆழத்திலும் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். மண்ணின் சூட்டுக்கு அது பொருந்தாது. ஊறுவதை மிஞ்சி இறைத்தால் வருடத்துக்கு வருடம் வற்றும். கணக்கு இப்படி: 10 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம், ஒன்றுக்கு நான்கு என்று ஓடினால், 2.5 மின்சாரத்திலிருந்து, 7.5 மண்ணிலிருந்து. நல்ல மண்ணில் ஒரு மீட்டர் துளை சுமார் 50 வாட் கொடுக்கும். அப்படியானால் 150 மீட்டர் வேண்டும். ஈரமான கெட்டிப் பாறை இன்னும் தாராளமாகத் தரும். உலர்ந்த மணல் அதில் பாதியைக்கூடத் தராது. துளைகளுக்கு நடுவே ஆறு மீட்டராவது விட வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் பங்கை இன்னொன்று எடுத்துக்கொள்ளும்.

மண் சோர்ந்ததும் இயந்திரம் உங்களிடம் சொல்லாது. உள்ளே இருக்கும் துணை மின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, அறையைச் சூடாகவே வைத்திருக்கும். அது ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தரும். பில் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். கட்டுப்பாட்டுப் பலகையில் துணை ஹீட்டர் ஓடிய மணிநேரம் பதிவாகியிருக்கும், இன்றே பாருங்கள். கூடவே உள்ளே வரும் திரவத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் தோட்டத்தின் மறுகோடியில் மூன்றாவது துளை போட்டோம். கோடையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, மண்ணின் குளிர்ந்த திரவத்தைக் கொண்டு தரைக் குழாய்த் தண்ணீரைக் குளிரவைத்து, வீட்டின் சூட்டை மண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் வழி செய்தோம். இரண்டு குளிர்காலம் கழித்துச் சுவரில் 3 என்று எழுதியிருந்தார். அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கேள்வி: எங்கள் பக்கம் குளிரே கிடையாது. ஏசிக்குப் பதிலாக இதைப் போடலாமா?

பதில்: நான் போடச் சொல்ல மாட்டேன். வெப்பநாட்டில் மண்ணே 27, 28 டிகிரியில் இருக்கும். எடுப்பதே இல்லாமல் வருடம் முழுக்கச் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தால் குழாயைச் சுற்றிய மண் ஆண்டுக்கு ஆண்டு சூடேறும். அந்தப் பணத்தைக் கூரை நிழலிலும் நல்ல ஏசியிலும் போடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இப்படித் துளை போட்டு ஓர் ஊரே விரிசல் விட்டதாமே? எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: நடந்தது உண்மைதான் சகோதரி. ஸ்டௌஃபன் என்ற பழைய ஊர். 2007இல் நகர மன்றக் கட்டடத்துக்காக 140 மீட்டர் வரை துளையிட்டார்கள். கீழே அன்ஹைட்ரைட் பாறை அடுக்கு. அதில் நிலத்தடி நீர் புகுந்ததும் அது ஜிப்சமாக மாறி ஊதியது, தரை மேலெழும்பியது. 250க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. நிலவியல் அறிக்கையும் அனுமதியும் இல்லாமல் துளை போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

துளை போடும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். குழாயின் அடி வளைவு தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டியதாக இருக்க வேண்டும். இறக்கும் முன்பும் பின்பும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பென்டோனைட் (நீரில் உப்பும் ஒரு களிமண்) கலவையை அடியிலிருந்து மேல்நோக்கி, துளையின் வாய் வழியும்வரை நிரப்ப வேண்டும். ஓர் அடுக்கின் நீர் இன்னொரு அடுக்குக்குப் போகாமல் தடுப்பது அதுதான். மேலிருந்து மண்ணைத் தள்ளி மூடினால் உடனே நிறுத்துங்கள். கடைசியில் உள்ளே இருக்கும் காற்று போகக் குழாயை அலசும்போது கண்ணாடி போன்ற ஹோஸில் கண் வையுங்கள். முதலில் நுரைத்து வரும், பிறகு பொடிக் குமிழ்கள், பிறகு ஒன்றுமே அசையாதது போலத் தெளிவாகிவிடும். அதுவரை பம்பை நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: துளை வேண்டாம் என்று, தோட்டத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழாயைப் பரப்பியிருக்கிறோம். மேலே என்ன வைக்கலாம்?

பதில்: புல், பூச்செடி, காய்கறி எல்லாம் வைக்கலாம். ஆழ வேர் விடும் மரம் வேண்டாம், சிமென்ட் தளம் கூடவே கூடாது. மழை மண்ணில் இறங்கினால்தான் இழந்த சூடு திரும்ப வரும். குளிர்காலம் முடிந்ததும் அந்த இடத்தில் மட்டும் புல் கொஞ்சம் தாமதமாகத் துளிர்க்கலாம். உரம் போட வேண்டாம், தானே வந்துவிடும்.