எத்தனை வளையம் தப்பும்? ஆபெல் தொகையீடு பற்றிக் கேள்வி பதில்

வந்தாறுமூலையில் கணிதம் படித்துவிட்டு இப்போது களுவாஞ்சிக்குடியில் ஏ/எல் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பல்லுறுப்பியை (polynomial) மூடிய வளையம் ஒன்றைச் சுற்றித் தொகையிடுவதுதான் ஆபெல் தொகையீடு, அதன் விடை எத்தனை இடத்தில் பூச்சியமாகும் என்பதுதான் கேள்வி. தெரிந்தவரை சொல்கிறேன், கேளுங்கள்.

செங்கலடி மாணவி: அண்ணா, பல்லுறுப்பியைத் தொகையிட்டால் பல்லுறுப்பிதானே வரும், பூச்சியத்தை எண்ணுவதில் என்ன கஷ்டம்?

தங்கச்சி, இங்கே நேர்கோட்டில் தொகையிடவில்லை, மூடிய வளையம் ஒன்றைச் சுற்றித் தொகையிடுகிறோம். உராய்வே இல்லாத ஊசலை நினையுங்கள், அதன் இடப்பெயர்ச்சியையும் வேகத்தையும் வரைபில் கீறினால் ஒவ்வொரு சக்திக்கும் ஒரு வளையம். அதற்குச் சின்னதாக ஒரு உந்தல் கொடுத்தால், ஒரு சுற்று முடிய எவ்வளவு சக்தி கூடியது, குறைந்தது என்பதைத்தான் அந்தத் தொகையீடு சொல்கிறது. விடை பூச்சியமாகிற இடத்து வளையம் (பூச்சியம் திரும்ப வராத ஒற்றை மூலமாக இருந்தால்) தப்பிவிடும், மற்றதெல்லாம் சுருளாகப் போய்விடும்.

கல்முனை: கணக்கு ஒன்று போட்டுக் காட்ட முடியுமா?

நெதர்லாந்துப் பௌதிகவியலாளர் வான் டெர் போல் 1920களில் ரேடியோ வால்வுச் சுற்றுக்கு எழுதிய சமன்பாடு. வளையங்கள் வட்டங்கள். உந்தல் என்பது, இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தை 1 இலிருந்து கழித்து வேகத்தால் பெருக்கியது. ஒரு சுற்றுக்குத் தொகையிட்டால் பை × ஆரவர்க்கம் × (1 − ஆரவர்க்கம்/4). ஆரம் 2 இல் பூச்சியம், அவ்வளவுதான். வட்டமாக இருக்கும்வரை விடை ஆரவர்க்கத்தில் பல்லுறுப்பி, அதனால் எண்ணுவது சுகம். வளையம் மூன்றாம் படி வளைகோடாகிவிட்டால் நீள்வளையத் தொகையீடுகள் (சாதாரணச் சார்புகளால் எழுத முடியாதவை) வந்து நிற்கும், அப்புறம் பல்லுறுப்பி என்ற பேச்சே இல்லை.

அக்கரைப்பற்று: தம்பி, ஹில்பர்ட்டின் 16ஆம் கேள்வி இதுதானா?

அதன் இளைய தம்பி, நானா. ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட் 1900இல் கேட்டது, இப்படித் தனித்து நிற்கும் வளையம் கூடியது எத்தனை வரலாம் என்று, அதுவும் தளத்தில் வேகங்கள் பல்லுறுப்பியாக உள்ள எல்லாத் தொகுதிக்கும் பொதுவாக. இரண்டாம் படிக்கே விடை இன்னும் இல்லை. 1950களில் சோவியத்தில் இரண்டு பெரியவர்கள் 3க்கு மேல் வராது என்றார்கள், பிறகு சீனாவில் 4 உள்ள உதாரணம் கிடைத்தது! ரஷ்யக் கணிதர் ஆர்னோல்ட்தான் கேள்வியைச் சின்ன உந்தலுக்குச் சுருக்கினார். பூச்சியங்களுக்கு எல்லை உண்டு என்று 1984இல் வார்சென்கோவும் கோவான்ஸ்கியும் காட்டினார்கள், ஆனால் எண் ஏதும் தரவில்லை. எண் வந்தது 2010இல், பின்யமினி, நொவிகொவ், யாகொவென்கோ மூவரிடமிருந்து: 2இன் அடுக்கில் இன்னொரு 2, அதன் அடுக்கில் படியின் பல்லுறுப்பி ஒன்று. என்னைக் கேட்டால் உண்மை இதற்குக் கிட்டவும் வராது, ஆனாலும் அதுவரை கையில் ஒன்றுமே இருக்கவில்லையே.

ஏறாவூர்: வான் டெர் போல் சமன்பாட்டில் உந்தலின் அளவை 0.1 வைத்துக் கணினியில் கீறினேன், ஆரம் 2 சரி. 5 வைத்தால் வட்டமே இல்லை?

சரிதான், தொகையீடு சின்ன உந்தலுக்கு மட்டும்தான் உத்தரவாதம் தரும். ஆனால் கீறியதை இன்னொரு தரம் பாருங்கள், வளையம் ஒன்றே ஒன்றுதான், உருவம்தான் கோணியிருக்கிறது, பக்கவாட்டில் அது எட்டுவது இன்னும் 2க்குக் கிட்டத்தான்.