குளக்கூட்டக் கொப்பி

அன்புள்ள ஐயா,

நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். வன்னிக் குளங்களின் நீர்ப் பங்கீடு பற்றி முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். எனக்கு வேண்டிய கட்டுரைகளில் பாதி காசு கட்டினால்தான் திறக்கின்றன. வெளிநாட்டில் படிக்கும் நண்பி ஒருத்தி முடிந்ததை எடுத்து அனுப்புகிறாள். "இனி எல்லாம் இணையத்தில்தான், இங்கே ஆய்வு நூலகத்துக்குக் கட்டடம் எதற்கு?" என்று தெரிந்த ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நானும் வெளியே போய்விடுவதுதான் சரியா?

ஒரு பட்டப்பின் மாணவி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் பிறந்த ஊர்க் குளத்தைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு என்னிடமும் ஒருமுறை முப்பத்தைந்து டாலர் கேட்டார்கள். அந்தக் குளத்தில் குளித்து வளர்ந்தவன் நான். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இந்த விலை பணக்கார நாடுகளையும் வாட்டுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2019இல், ஆய்வு இதழ்களை வெளியிடும் எல்சேவியர் நிறுவனத்தின் சந்தாவையே விட்டுவிட்டது. தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வழிசெய்யும் ஒப்பந்தம் வந்த பிறகுதான், 2021இல், திரும்பிப் போனது. இந்தியா 2025இலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்களைத் தன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தலைமன்னாரில் நின்றால் அந்தக் கரை எவ்வளவு கிட்ட! இங்கேயும் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் பேரம் பேச வேண்டும். நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் அதை விடாமல் கேட்க வேண்டும்.

சரி, நாளைக்கே எல்லா இதழும் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆய்வு முடிந்துவிடுமா?

மழை குறைந்த காலத்தில் குளத்து நீரை நம்பி விதைக்கும் ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் முன்னால் குளத்துக்குக் கூட்டம் வைப்பார்கள். எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, துருசு, அதாவது குளத்து மதகு, எந்தத் தேதியில் திறப்பது என்று பேசி முடிவெடுப்பார்கள். அதையெல்லாம் கமக்கார அமைப்பின் செயலாளர் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். தண்ணீர் காணாத வருடங்களில் யார் யாருக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுத்தார் என்பதும், யார் இரவில் வாய்க்காலை வெட்டிவிட்டார் என்பதும் அதில் இருக்கும். உங்கள் ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அது எந்த நாட்டு இணையத்திலும் இல்லை.

2009இல் போருக்குள் நாங்கள் ஓடியபோது காணி உறுதிகளையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம். கொப்பிகளை யார் தூக்குவது? எனக்குத் தெரிந்த ஒரு செயலாளர் தூக்கினார். மூன்று கொப்பிகள். ஒன்று மழையில் ஊறி மை கலைந்துவிட்டது. மற்ற இரண்டும் செட்டிகுளம் முகாம் வரைக்கும் வந்து, திரும்பி ஊருக்கும் வந்தன. இப்போது அவருடைய வீட்டுப் பரணில் கிடக்கின்றன, கறையானுக்குப் பக்கத்தில்.

வெள்ளைக்கார அதிகாரி ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைநூல் 1895இல் வந்தது. இன்றைக்கும் நாங்கள் எல்லோரும் அதையே புரட்டுகிறோம். அது நல்ல நூல்தான். ஆனால் குளத்தை மேலேயிருந்து பார்த்தவர் எழுதியது. வயலுக்குள் நின்றவர் எழுதியது அந்தக் கொப்பி. இரண்டும் ஒரே மேசையில் இருக்கும் இடத்துக்குத்தான் நான் ஆய்வு நூலகம் என்று பெயர் வைப்பேன். அதற்குக் கட்டடம் வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும். அதற்கும் முதல், பழந்தாளைக் கையாளவும் பட்டியலிடவும் தெரிந்த ஒரு நூலகர் வேண்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமான பிறகு, அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக்கி, நுண்படம் எடுத்தார்கள். மூலம் மண்ணிலும் படி உலகத்திலும் இருப்பது, எனக்குத் தெரிந்தவரை உலகமயத்தின் மிக நல்ல முகம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தில் நம்மவர்கள் ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாக மின்வருடி வைத்திருப்பதும் இந்த வழியில்தான். மின்படி மட்டும் போதும் என்பவர்கள் 2023 ஒக்டோபரை நினைக்க வேண்டும். இணையத் தாக்குதலில் பிரித்தானிய நூலகத்தின் பட்டியலே சில மாதங்கள் முடங்கிக் கிடந்தது. அப்போதும் அடுக்கில் புத்தகம் இருந்தது.

வெளியே போவதா என்று கேட்டீர்கள். நல்ல மேற்பார்வையாளரும், கூட இருந்து வாதாட நாலு பேரும் கிடைக்கும் இடமென்றால் போங்கள், நான் மறிக்க மாட்டேன். பட்டப்பின் படிப்பில் புத்தகத்தைவிட அந்த நாலு பேர்தான் முக்கியம். ஆனால் கட்டுரை திறக்கவில்லை என்பதற்காக மட்டும் போக வேண்டாம். எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பலர் சந்தோசமாக அனுப்புவார்கள். வவுனியா 1991இல் இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் வளாகமாகி, 2021இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் நூலகத்தில் குளக் கொப்பிகளுக்கு ஓர் அலுமாரி கேட்க இதுதான் நேரம்.

செயலாளரிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கொப்பியை வெளியே கொடுக்க மாட்டார், ஆனால் வீட்டுத் திண்ணையில் இருந்து படம் எடுக்க விடுவார். வெயில் ஏறுவதற்கு முதல் போங்கள். ஈரம்பட்ட கொப்பியைப் பிரிக்க வேண்டாம், அதற்குத் தெரிந்த ஆள் வரட்டும்.